ஏழாம் தலைமுறைக்கு வந்த ரிஜிஸ்தர் தபால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் வரைக்கும் மயிலாப்பூரில் எல்லோருக்கும் ஒரு தாத்தா இருந்தார். அதற்கு மேல் யாரும் போனதில்லை. போகவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. அமாவாசைக்கு மூன்று பெயர் சொல்லத் தெரிந்தால் போதும். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஆபீசுக்கு டிராம் பிடிக்கலாம்.

அந்த வருஷந்தான் ராவ்பகதூர் பிரணதார்த்திஹர ஐயர் டிப்டி கலெக்டர் உத்தியோகத்திலிருந்து பென்ஷன் பெற்று லஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் ஜில்லா ஜில்லாவாக நிலத்தை அளந்தவர். மயிலாப்பூரில் அவர் அளக்கும்படியாக நிலம் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே மனுஷர்களை அளக்க ஆரம்பித்தார்.

'மயிலை பூர்வ வம்ச பரிசோதனை மகாசபை' பிறந்த கதை இதுதான். சபையின் விதிப் புத்தகம் நாற்பத்தேழு பக்கம். முதல் பக்கத்தில், 'தன் குடும்பத்தின் வரலாற்றைத் தேடி அறிவது ஓய்வு வேளைக்கு உகந்ததும் உள்ளத்துக்கு நிறைவு தருவதுமான பொழுதுபோக்கு' என்று அச்சிட்டிருந்தது. மீதி நாற்பத்தாறு பக்கங்களில் தண்டனைகள் இருந்தன.

லஸ் முனைக்குச் சமீபத்தில் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் சபை கூடும். மூன்று தலைமுறை காட்டியவருக்குப் பாய். ஐந்து காட்டினால் பெஞ்சு. ஏழுக்கு நாற்காலி, பன்னிரண்டுக்குக் கை வைத்த நாற்காலி. காபியும் அதே வரிசையில்தான் வரும். பாய்க்கு வந்து சேரும்போது அது காபிதானா என்று தீர்மானிக்க இன்னொரு சபை வேண்டும். தலைவருக்கு மட்டும் சாய்வு நாற்காலி. அவருடைய தலைமுறைகள் இருபத்தொன்று. பிரணதார்த்திஹரன், வேதபுரி, பிரணதார்த்திஹரன், வேதபுரி என்று இரண்டே பெயர்களை மாற்றி மாற்றி இருபத்தொரு தடவை சொல்வார். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் ஒருநாளும் தவறியதில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று சபை ஏற்றுக்கொண்டிருந்தது. சபை முழுவதும் அதை எழுந்து நின்று கேட்கும்.

இது தவிர அவருடைய இடது கையில் கட்டைவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு சின்ன விரல் இருந்தது. அதற்குத் தனியே ஒரு பவழ மோதிரம். 'என் பாட்டனாரின் பாட்டனாருக்கும் இதே கை, இதே விரல். ராஜ லட்சணம்' என்பார். மாலையை அந்தக் கையால் வாங்குவார். யாரையாவது சபையை விட்டு வெளியே போகச் சொல்லவேண்டுமென்றாலும் அந்த விரலைத்தான் நீட்டுவார்.

மின்சார விசிறி வைக்கலாமே என்று ஒரு அங்கத்தினர் சொன்னபோது, 'அதற்குப் பூர்வோத்தரம் கிடையாது, முன்னோர் வழி வந்ததல்ல' என்று தள்ளிவிட்டார்கள். ஆகவே பழைய காலத்துப் பங்கா ஒன்று உத்தரத்தில் தொங்கியது. அதன் கயிற்றை வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தவன் மிக்கேல். கடற்கரைக் குப்பத்து மீன்பிடிக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகமாட்டான். காலையில் பூசை பார்த்துவிட்டு மத்தியானம் இங்கே வந்து வம்சங்களுக்குக் காற்று வீசுவான்.

சபையில் எல்லோரும் பயந்தது கண்ணாடி போட்ட ஓர் அறிவிப்புப் பலகைக்கு. அது லஸ் முனையில், தெருவைப் பார்த்து, மேலே விளக்கோடு இருந்தது. தலைப்பு: 'பூர்வோத்தரம் புலப்படாதவர்கள்'. விண்ணப்பம் போட்டுத் தேறாதவர் பெயர் நாற்பது நாள் அதில் இருக்கும். பால்காரர்கள்கூட நின்று படிப்பார்கள். அதில் பெயர் வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மறுவாரமே வேளச்சேரிக்குக் குடிபோய் மாடு வாங்கிவிட்டார். மாடுகள் ஒன்றும் கேட்பதில்லையாம்.

இப்போது ஸ்ரீரங்கனைப் பற்றி. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. ஞாயிறு காலையில் ஆபீஸ் காகிதத்தின் பின்புறத்தில் தம் முன்னோர்களின் பெயர்களை மரம் மாதிரி வரைவார். தூரத்து உறவினர்களுக்குக் கார்டு போடுவார். 'உங்கள் கொள்ளுப்பாட்டனாருக்குப் பூசணிக்காய் என்றால் ஆகாது' என்று சைதாப்பேட்டையிலிருந்து ஒரு அத்தான் பதில் எழுதியிருந்தார். அதைப் பதினைந்து தடவை படித்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் இலையில் பூசணிக்காயை ஒதுக்கி வைத்ததை நினைத்தால் அவருக்கு மனசு குளிர்ந்துவிடும்.

யாருக்கும் கெடுதலில்லாமல் இது நடந்துகொண்டிருந்தது. முப்பத்துநாலாம் வருஷம் அவருடைய பெண் நீரஜாவுக்குப் பதினாறு முடிந்தது.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகரில் புது வீடு கட்டியிருந்த இஞ்சினியர் கோதண்டராம ஐயர் பெண் பார்க்க வந்தார். பிள்ளை அம்பிக்குப் பெண்ணைப் பிடித்தது. நீரஜாவுக்கும் பிடித்துவிட்டது என்பதை அவள் அம்மா காமாக்ஷி கண்டுபிடித்தாள். பெண் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டிருந்தாள். ஜாதகம் பொருந்தியது. வெற்றிலை பாக்கு மாற்றுகிற சமயத்தில் இஞ்சினியர் தொண்டையைக் கனைத்தார்.

"வேற ஒண்ணுமில்லே. சபை சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிடுங்கோ. ஏழு தலைமுறை. இப்போல்லாம் எல்லாரும் கேக்கறா."

அவர் வீடு நிற்கிற இடத்தில் ஏழு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் நின்றது. இதை ஸ்ரீரங்கன் நினைத்தார்; சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்.

விண்ணப்பத்தை மூன்று பிரதிகள் எழுதினார். அப்பா சேஷாத்ரி. அவர் அப்பா ஸ்ரீரங்கன். அவர் அப்பா பூசணிக்காய் சேஷாத்ரி. அவர் அப்பா ஸ்ரீரங்கன். இதுவரைக்கும் கடிதாசு இருந்தது. நீரஜாவிலிருந்து எண்ணினால் இது ஆறுதான். ஏழாவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஆனால் பெயர் தெரியாமல் போகுமா? ஸ்ரீரங்கனுக்கு அப்பா சேஷாத்ரியாகத்தானே இருக்கவேண்டும்! கூட்டல் கணக்குப் போடுகிற தைரியத்தில் 'சேஷாத்ரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சபைக் காரியதரிசி வக்கீல் அனந்தராமனிடம் நீட்டினார்.

அனந்தராமன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஒன்பதாவது விதி. ஒவ்வொரு முன்னோரையும் நேரில் அறிந்த கௌரவமான இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"ஏழாவது பாட்டனாரை நேரில் அறிஞ்சவா இப்போ யாரு ஸார் இருப்பா?"

"அது விண்ணப்பதாரர் பொறுப்பு. இல்லேன்னா விலக்கு மனுப் போடலாம்."

"போடறேன் ஸார்."

"அந்த மனுவில் சம்பந்தப்பட்ட முன்னோர் கையெழுத்திடணும்."

ஸ்ரீரங்கன் காகிதத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார். "அப்போ விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கலாமே. வாபஸ் வாங்குகிறவர் பெயர் உடனே பலகைக்குப் போகும். அதுக்கு விசாரணை கிடையாது, சௌகரியம்."

அடுத்த ஞாயிறு விசாரணை நடந்தது. ஸ்ரீரங்கன் பாயில் உட்கார்ந்திருந்தார். தலைவர் சாய்வு நாற்காலியிலிருந்து அவரைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷ ஜமாபந்தி இருந்தது.

"ஓய், உம்முடைய ஏழாம் தலைமுறை சேஷாத்ரி எப்போ காலமானார்?"

"தெரியலை."

"எதனாலே?"

"தெரியலை."

"காலமானார் என்பதற்காவது அத்தாட்சி உண்டா?"

"அத்தாட்சின்னா... ரொம்ப வருஷமாச்சே..."

"வருஷம் ஆனா செத்துடணும்னு சட்டமா? நான் கேட்கிறது எழுத்து. எழுத்தில் இருப்பதுதான் உண்மை. என் தகப்பனாரே நேரில் வந்து 'நான்தான் உன் தகப்பன்' என்று சொன்னாலும் காகிதம் எங்கே என்று கேட்பேன். கேட்காமல் இருந்தால் நான் முப்பது வருஷம் சர்க்காருக்கு உழைத்ததில் அர்த்தம் என்ன?"

சபை கை தட்டியது.

"இறந்ததற்கு எழுத்து இல்லை. ஆகவே சேஷாத்ரி ஐயர் உயிரோடு இருக்கிறதாகச் சபை வைத்துக்கொள்கிறது. உயிரோடு இருக்கிற ஒரு பெரியவரைக் கேட்காமலே அவர் பெயரை விண்ணப்பத்தில் எழுதியிருக்கீர். அனந்தராமன்! தலைமுறைக்கு இருபத்தேழு வருஷம் வீதம் வயசு போட்டுப் பெரியவருக்கு நோட்டீஸ் அனுப்பும்."

புதன்கிழமை நோட்டீஸ் வந்தது. தபால்காரர் வலியுல்லா வாசலில் நின்று விலாசத்தை இரண்டு தரம் படித்தார்.

"சாமி, சேஷாத்ரி ஐயரு, வயசு நூத்தி எண்பத்தி ஒம்பதுன்னு போட்டுக்கீது. ரிஜிஸ்தர். அவரு கையெழுத்துதான் வாங்கணும். வூட்ல கீறாரா?"

ஸ்ரீரங்கன் யோசித்தார். இல்லை என்றால் எங்கே என்று கேட்பார்கள். இருக்கிறார் என்றால் கொண்டுவா என்பார்கள். செத்துப்போனார் என்று சொல்லச் சபையின் அனுமதி இல்லை. நெற்றி வியர்வையில் விபூதி கரைந்து கண்ணில் இறங்கியது.

"இன்னா சாமி, எய்துறதுக்கு எங்களுக்கு மூணு வார்த்தைதான் குடுத்துக்கீறாங்க. வாங்கமாட்டேன்னாரு, ஊர்ல இல்ல, வூடு மாறிட்டாரு. இதுல இன்னா போடட்டும்?"

"வீடு மாறினதா போடுமேன்," என்றார் ஸ்ரீரங்கன். அது அவ்வளவு பொய்யில்லை என்று அவருக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை சபையிலிருந்து ஸ்ரீரங்கனுக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. 'விசாரணைக்கு உட்பட்ட முன்னோரை வேறு இடத்துக்கு மாற்றி ஒளித்து வைத்த குற்றத்துக்காக' தை மாத மகாநாட்டில் ஆஜராகும்படி. அந்த மகாநாட்டுக்குச் சம்பந்தி கோதண்டராம ஐயரும் விசேஷ அழைப்பாளர் என்று அடியில் குறித்திருந்தது.

காமாக்ஷி நோட்டீஸைப் படித்துவிட்டு, "ஏன்னா, உங்களை யாரு மரம் வரையச் சொன்னா? நாலாத்துல சீட்டாடறா, நிம்மதியா இருக்கா," என்றாள். உள்ளே நீரஜா விசும்புகிற சத்தம் கேட்டது. காமாக்ஷி எழுந்து உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய், காரியதரிசியின் காலில் விழாத குறையாக ஒரு மணி நேரம் கெஞ்சினார். பலனில்லை. வெளியே வந்தார். முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மிக்கேல் பங்காக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே குனிந்து பார்த்தான்.

"இன்னா சாமி, மூஞ்சி வெளுத்துக் கீது? செத்துப்போனவரைச் சாவலன்னு எழுதிட்டாங்களாமே?"

"ஆமாம்ப்பா."

"அதுக்கா இம்மாம் பயம்? எங்க கோயில்ல கலாபத்து புக்கு ஒண்ணு கீது. நூத்தம்பது வருசத்துக்கு முன்னால ஹைதர் படை வந்த கலாபத்துல சனங்க அல்லாம் ஓடியாந்தாங்களே, அப்போ எங்க கோயில் வாசல்ல கஞ்சி ஊத்தினாங்க. யாரு வந்தா, யாரு செத்தா, யாரு பொழைச்சா, அல்லாம் தமிழ்லயே எழுதி வெச்சிக்கீறாங்க. உங்காளுங்க பேரும் கீது. நீ வந்து பாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க நைனா, அவரு நைனா, அவரு நைனான்னு பதிமூணு பேரு கோயில் புக்குல கீறாங்க சாமி. ஞானஸ்நானம், கண்ணாலம், சாவு, மூணும் தேதியோட. எங்க வூட்டு தேசம்மா சண்டை போடறப்பெல்லாம் பதிமூணு பேரையும் சேர்த்துத்தான் திட்டுவா."

ஸ்ரீரங்கன் திகைத்துப் போனார். உள்ளே பன்னிரண்டு தலைமுறைக்காரர் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏண்டாப்பா சபையில சொல்லலை?"

"சொன்னா நாற்காலி போட்டுக் குந்த வெச்சிடுவாங்க. அப்பால பங்கா யாரு இய்க்கிறது?"

மறுநாள் ஆபீசுக்கு லீவு எழுதிவிட்டு, வெயிலில்லாத வேளையில் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஸ்ரீரங்கன் கடற்கரைக் கோயிலுக்குப் போனார். யாராவது பார்த்தால் மதம் மாறப் போனதாகப் பலகையில் எழுதுவார்கள் என்று பயம். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை ஒருவர் பெரிய நோட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார். மிக்கேல் சொன்ன பக்கத்தைத் திருப்பியதும் கண்ணில் பட்டது:

'சேஷாத்ரி ஐயன், மாடவீதி. அரிசியாய் வாங்கித் தனியே பொங்கிக்கொண்டான். ஐந்தாம் நாள் வாந்திபேதியில் செத்தான். மகன் ஸ்ரீரங்கன், வயது ஒன்பது, தாயோடு இருக்கிறான்.'

அவர் போட்ட கூட்டல் சரியாகத்தான் இருந்தது. தெரியாத ஒரு மனுஷர் வாந்தியெடுத்துச் செத்ததைப் படித்து ஸ்ரீரங்கனுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. 'ஒன்பது வயசுப் பிள்ளை' என்று முணுமுணுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியையும் படித்தார். கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

'பையன். வயது ஆறு இருக்கலாம். அடையாற்று முகத்துவாரத்தில் கரையேற்றிய கட்டுமரத்தின் மறைவில் மிக்கேல் கண்டெடுத்தது. தாய் தகப்பன் தெரியாது. ஜாதி தெரியாது. கஞ்சி ஊற்றினது, இன்னொரு தரம் கேட்டது. இடது கையில் ஆறு விரல். பிள்ளையில்லாத வேதபுரி ஐயன் எடுத்துப்போனான். பிரணதார்த்தி என்று கூப்பிடுகிறான்.'

"அந்த மிக்கேலு எங்க பாட்டன்தான் சாமி," என்றான் பின்னால் நின்ற மிக்கேல், அமைதியாக.

"நோக்கு... உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எங்க குப்பத்துல அல்லாருக்கும் தெரியும். ஆறு விரல் புள்ளை கதைன்னு சொல்லுவாங்க. அவுரு மேல குந்திக்கினு இருபத்தொண்ணு சொல்றப்போ நான் கயித்தை இய்த்துக்கினு எண்ணுவேன். அஞ்சாவதுல இந்தப் புள்ளை வந்துடும், அத்தோட நின்னுக்கும்."

சபையின் முப்பத்தோராம் விதி தலைவரே எழுதியது: 'ஆவணத்தில் ஒரு வரியைக் காட்டுகிறவர் அதன் முன் வரியையும் பின் வரியையும் சேர்த்தே காட்டவேண்டும். மறைப்பவன் எதற்காக மறைக்கிறான் என்பது சபைக்குத் தெரியும்.'

கோயில் சாமியாரின் கையெழுத்தும் முத்திரையுமாக, முன் வரி பின் வரி சேர்த்து, மூன்று வரிக்கும் நகல் வாங்கி வந்தார் ஸ்ரீரங்கன். வீட்டுக்கு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. காட்டாவிட்டால் பெண்ணின் கல்யாணம் போயிற்று. பெயர் பலகைக்குப் போயிற்று. காட்டினால் ராவ்பகதூர்! கலெக்டர் முதல் கமிஷனர் வரை அவர் வீட்டுத் தேநீருக்கு வருகிறவர்கள். ஜாதி தெரியாது என்ற காகிதத்தைப் பத்துப் பேர் முன்னால் அவர் முகத்துக்கு நேரே நீட்டினவன் மயிலாப்பூரில் மறுபடி மூச்சு விட முடியுமா?

காமாக்ஷி நகலைப் படித்தாள். "பாவம், கொழந்தை. இன்னொரு தரம் கேட்டுதாமே," என்றாள். பிறகு நிமிர்ந்து, "அந்த வரியில மட்டும் மையைக் கொட்டிடுங்கோ. தெரியாம கொட்டிடுத்துன்னு சொல்லிக்கலாம்," என்றாள்.

ஸ்ரீரங்கன் மைக்கூட்டை எடுத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் ஒரு பொட்டு மை சிந்தாதவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்த்தார். மை கொட்டியது. கொட்டியது கடைசி வரியில் அல்ல. சைதாப்பேட்டைத் தறிக்காரன் செங்கேணி காய்ச்சலில் பிழைத்த முதல் வரியில்.

மகாநாட்டன்று மாடி நிரம்பி வழிந்தது. இஞ்சினியர் கோதண்டராம ஐயர் முன் வரிசையில் சரிகைத் தலைப்பாகையோடு இருந்தார். ஸ்ரீரங்கன் பாயின் ஓரத்தில், வாசற்படிக்குக் கிட்டத்தில் உட்கார்ந்தார். ஓடுவதற்கு அதுதான் வசதி. ஆனால் வாசலில் மிக்கேல் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தான், தாண்டிப் போக வழியில்லை.

தலைவர் பேசினார். "மகாஜனங்களே! முன்னோர் இல்லாதவன் மனுஷன் என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை இல்லாதவன். எங்கிருந்து வந்தான் என்று தெரியாத ஒருவன் என் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் நான் என்ன கேட்பேன்? உன் தகப்பன் யார் என்று கேட்பேன். தெரியாது என்றால், தண்ணீர் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீரில்தான் சமூகமே மூழ்கிப்போகிறது!"

கைதட்டல் நிற்க ஐந்து நிமிஷமாயிற்று. பிறகு காரியதரிசி ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டு நகலை வாங்கினார்.

"மை கொட்டியிருக்கிறது," என்றார் உரக்க.

சபை முழுவதும் 'ஆ' என்றது.

"நாற்பத்துநாலாம் விதி," என்றார் தலைவர், கண்கள் மின்ன. "மைபட்ட ஆவணத்தைத் தலைவரே தம் வாயால் சபைக்கு வாசிப்பார். கொடும் இப்படி. எதை மறைக்கப் பார்த்தீர் என்று இப்போ தெரிந்துவிடும்."

"வேண்டாம் ஸார்," என்றார் ஸ்ரீரங்கன். "நீங்க படிக்காதேங்கோ ஸார்... பெயரைப் பலகையில போட்டுடுங்கோ... நான் வேளச்சேரிக்குப் போயிடறேன்..."

"சும்மா இரும்!"

தலைவர் காகிதத்தை இடது கையில் தூக்கிப் பிடித்தார். பவழ மோதிரம் வெளிச்சத்தில் சிவந்தது. அவர் எதையும் முதலில் மனசுக்குள் படித்துப் பார்க்கிறவரல்ல; கச்சேரியில் உத்தரவு வாசிக்கிற குரலில் நேரே உரக்க ஆரம்பித்துவிடுவார். மை பட்ட வரியை எழுத்தெழுத்தாகக் கண்டுபிடித்து வாசித்தார். தறிக்காரன் பிழைத்தான். சேஷாத்ரியை வாசித்தார். சேஷாத்ரி செத்தான். இஞ்சினியர் திருப்தியாகத் தலையாட்டினார். ஸ்ரீரங்கன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பின் வரி! 'பையன். வயது ஆறு இருக்கலாம். அடையாற்று முகத்துவாரத்தில்... தாய் தகப்பன் தெரியாது. ஜாதி தெரியாது.' கேட்டீர்களா மகாஜனங்களே? எப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது இவருடைய குடும்பம்! 'கஞ்சி ஊற்றினது, இன்னொரு தரம் கேட்டது.' வெட்கம் கிடையாது! 'இடது கையில்...'"

நிறுத்தினார்.

சபை காத்திருந்தது. எல்லோருடைய கண்ணும் காகிதத்தின்மேல் இருந்தது. அதாவது, காகிதத்தைப் பிடித்திருந்த கையின்மேல்.

"'...ஆறு விரல்,'" என்றார் தலைவர். முப்பது வருஷப் பழக்கம். ஆரம்பித்ததை முடிக்காமல் விடமுடியவில்லை. "'பிள்ளையில்லாத வேதபுரி ஐயன் எடுத்துப்போனான். பிரணதார்த்தி என்று...'"

பங்கா நின்றிருந்தது. புழுக்கத்தில் யாரோ ஒருவர் விசிறிக்கொள்ளக் கையைத் தூக்கி, பயந்து இறக்கிக்கொண்டார்.

"ஏண்டா நிறுத்தினே?" என்றார் தலைவர் வாசற்பக்கம் பார்த்து. அது கேள்வி மாதிரியே இல்லை.

"கேட்டுக்கினு இருந்தேன் சாமி," என்றான் மிக்கேல். மறுபடி இழுக்க ஆரம்பித்தான்.

அனந்தராமன் வக்கீல் ஆகையால் முதலில் எழுந்தவர் அவர்தான். "இது கடற்கரைக் கோயில் புஸ்தகம். நமது சபையின் ஆவணமல்ல. ஏற்பதற்கில்லை என்று பிரேரேபிக்கிறேன்."

"ஆமோதிக்கிறேன்," என்றார்கள் கை வைத்த நாற்காலிகள் எல்லோரும். ஒவ்வொருவருக்கும் தம் வீட்டுப் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ என்று கலக்கம்.

"நிராகரிக்கப்பட்டது," என்றார் தலைவர். இடது கை அங்கவஸ்திரத்துக்குள் போயிருந்தது. "முழுப் பக்கமும். எழுத்தில் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது."

ஸ்ரீரங்கனுக்கு ஒன்றுதான் புரிந்தது. நகல் போயிற்று. நீரஜாவின் கல்யாணமும் போயிற்று. அழுகிற குரலில், எழுந்து நின்று, பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டார்:

"ஸார், அப்போ எங்க சேஷாத்ரி செத்ததும் இல்லேன்னு ஆயிடுத்தா?"

தலைவர் அனந்தராமனைப் பார்த்தார். அனந்தராமன் கூரையைப் பார்த்தார். அந்த வரியை மட்டும் ஏற்றுக்கொள்ள முப்பத்தோராம் விதி இடங்கொடாது.

"ஆயிடுத்து," என்றார் தலைவர்.

"அப்போ அவர்..."

"உயிரோடுதான் இருக்கிறார்! எழுதிக்கொள்ளும் அனந்தராமன். ஏழாம் தலைமுறை, உள்ளார். உயிரோடு இருக்கிறவருக்கு அத்தாட்சி எதற்கு? சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பும் இவரை. சீக்கிரம்!"

இஞ்சினியர் கோதண்டராம ஐயர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "நூத்தியெண்பத்தொன்பது," என்றார் பிரமிப்போடு. "என்ன ஆயுசு! என்ன தேகக்கட்டு! அம்பி கொடுத்துவெச்சவன். ஆனா ஓய், அப்படிப்பட்ட பெரியவர் இருக்கச்சே பத்திரிகையில உம்ம பேரைப் போடப்படாது. மூத்தவர் பேர்லதான் போடணும். அதுதானே முறை?"

அப்படித்தான் அச்சாயிற்று. மாசி மாதம் நடந்த நீரஜாவின் கல்யாணத்துக்குச் சேஷாத்ரி ஐயர் அநேக ஆசீர்வாதத்துடன் அழைத்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் அவரை நமஸ்கரிக்கத்தான் வந்தார்கள். காமாக்ஷி அசரவில்லை. "கொல்லை ரூம்ல படுத்துண்டிருக்கார். தள்ளாமை. இப்போதான் கண் அசந்தார்," என்று பூட்டின கதவைக் காட்டினாள். மூடின கதவுக்கு நேரே நமஸ்காரங்கள் நடந்தன. இஞ்சினியர் குடும்பத்தோடு நான்கு தரம் விழுந்து எழுந்தார். ஸ்ரீரங்கன் ஒவ்வொரு நமஸ்காரத்துக்கும் ஒரு தரம் பூட்டைப் பார்த்துக்கொண்டார். நீரஜா மட்டும் மணையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல அடக்கமான பெண் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ராவ்பகதூரும் வந்தார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே! இடது கை அங்கவஸ்திரத்தை விட்டு வெளியே வரவில்லை. ஸ்ரீரங்கனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்த நகல்... இன்னும் பிரதி ஏதாவது?"

"மூணு பிரதி ஸார். விதிப்படி." ஸ்ரீரங்கன் கையைக் கட்டிக்கொண்டார். "பத்திரமா இருக்கு ஸார்." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ராவ்பகதூரின் முகத்தில், பாயில் உட்கார்ந்து பழகிய ஸ்ரீரங்கனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிறம் வந்தது.

அப்போதுதான் பந்தலுக்கு வெளியே, வாழைமரத்துக்கு அந்தப் பக்கம், துவைத்த சட்டையோடு மிக்கேல் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். காமாக்ஷிதான் வரச் சொல்லியிருந்தாள். வரச் சொன்னாளே தவிர எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான்.

ராவ்பகதூர் சுற்றுமுற்றும் பார்த்தார். சமையலறைப் பக்கம் போனார். சிறிது நேரத்தில் ஒரு டம்ளர் காபியைத் தாமே தூக்கிக்கொண்டு, கைசுட, பந்தலைக் கடந்து வெளியே வந்தார். பார்த்தவர்கள் பெரிய மனுஷனின் பணிவு என்று வியந்தார்கள். டம்ளரை நீட்டியபோது அங்கவஸ்திரம் நழுவியது. பவழ மோதிரத்தைக் காணோம், விரல் இருந்தது.

மிக்கேல் விரலைப் பார்க்கவில்லை. ஊதி ஊதிக் குடித்து முடித்தான்.

"இன்னும்... இன்னும் ஏதாவது வேணுமா?" என்றார் ராவ்பகதூர்.

மிக்கேல் காலி டம்ளரை அவர் கையில் வைத்தான்.

"இன்னொரு தரம் குடு சாமி," என்றான் மெதுவாக. "அன்னிக்கு நாங்க இல்லேன்னு சொல்லல."